படம்: சுகந்தி

ஜூன் 2, திங்கள்

இந்த டைரி கதவரசன் நிறுவனத்தார் கொடுத்தது. மார்ச் மாதம் சென்னையில் ஒரு ஓட்டலில் நடந்த அறிமுக விழாவில் நிருபர்கள் எல்லோருக்கும் ஒரு பை கொடுத்தார்கள். ஒரு தொப்பி, ஒரு டைரி, ஒரு கதவரசன். தொப்பி என் தலைக்குச் சேரவில்லை. டைரி சும்மா கிடந்தது. இன்றைக்கு யாரிடமாவது புலம்ப வேண்டும்போல் இருந்ததால் எடுத்தேன்.

கதவரசன் என்பது கேமரா வைத்த காலிங் பெல். வாசலில் யாராவது பொத்தானை அழுத்தினால், வீட்டுக்காரர் எந்த ஊரில் இருந்தாலும் செல்போனில் முகத்தைப் பார்க்கலாம், பேசலாம். ‘நொய்யல் முரசு’ நாளிதழில் வாராவாரம் நான் எழுதும் ‘கைக்குள் உலகம்’ பக்கத்தில் இதற்கு ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுத்திருந்தேன். “வாசலில் ஓர் இரும்புக் கோட்டை” என்று தலைப்பு. பக்கத்தின் மூலையில் கன்னத்தில் கைவைத்தபடி என் படம் வரும். வடவள்ளியில் எங்கள் குடியிருப்பில் பாதி வீடுகள் அதைப் படித்துவிட்டுத்தான் கதவரசன் வாங்கின.

இன்று அலுவலகத்திலிருந்து வந்தால், அந்த இரும்புக் கோட்டை சாப்பாட்டு மேசையில் குடல் வெளியே தெரியக் கிடக்கிறது. பக்கத்தில் சாலடரிங் புகை. என் மனைவி சுகந்தி கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு மூன்று ஒயர்களைப் பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன பண்ற?”

“ஆளே இல்லாம அதும்பாட்டுக்கு அடிக்குதுங்க. என்னன்னு பாக்கறேன்.”

“அது ரிவியூவுக்குக் குடுத்தது. திருப்பிக் கேட்டா?”

“மூணு மாசமாக் கேக்காதவங்க இப்பக் கேக்கப் போறாங்களா?”

பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் எடுப்பவள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பொருளைப் புரிந்துகொள்வது வேறு, அதன் ஸ்க்ரூவைக் கழற்றுவது வேறு. முதலாவதை நான் செய்கிறேன்.

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தாகிவிட்டது. குக்கருக்கு வாஷர் வாங்க வேண்டும்.

ஜூன் 4, புதன்

சுகந்தி கண்டுபிடித்ததை எனக்கு மூன்று முறை விளக்கினாள். முதல் முறையே புரிந்துவிட்டது. உறுதிப்படுத்திக்கொள்ளத்தான் மறுபடியும் கேட்டேன்.

அந்த மூன்று ஒயர்களை லேப்டாப்பில் சொருகினால், கதவரசன் உயிர் பெறும்போது தன் உள்விவரம் எல்லாவற்றையும் வரிவரியாகத் திரையில் கொட்டுகிறது. அதில் ஒரு பாஸ்வேர்டும் வருகிறது. ‘கதவு’ என்று ஆங்கிலத்தில் எழுதி, பின்னால் ஒன்று இரண்டு மூன்று. சிரித்துவிட்டேன். சுகந்தி சிரிக்கவில்லை.

“இது நம்ம பெல்லுக்கு மட்டும் இல்லீங்க. அவங்க வித்த அத்தனைக்கும் இதே பாஸ்வேர்டுதான். ஊர்ல இருக்கற எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி போட்டா எப்படி இருக்கும்?”

கீழ் வீட்டுச் சரோஜினி டீச்சரிடம் போய் அனுமதி கேட்டுக்கொண்டு வந்தாள். டீச்சர் தனியாக இருப்பவர். மகள் ஷார்ஜாவில். சுகந்தி எங்கள் மேசையில் உட்கார்ந்து ஏதோ தட்டினாள். திரையில் டீச்சர் வீட்டு வாசல் வந்தது. டீச்சர் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் நின்று கையசைத்தார். அவர் வளையல் சத்தம்கூடக் கேட்டது.

“எழுதலாமா?” என்று கேட்டேன். கேட்கத்தானே வேண்டும்.

“நிருபராக் கேக்கறீங்களா, வீட்டுக்காரராக் கேக்கறீங்களா?”

“வீட்டுக்காரனாத்தான்.”

“அப்பச் சரி. கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கறேன். அவங்க சரி பண்ற வரைக்கும் யாருக்கும் மூச்சு விடக் கூடாது. இந்த வேலை பாக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் பண்ணுவாங்க. ஓட்டை இருக்குதுன்னு ஊருக்குச் சொன்னா, அடைக்கறதுக்கு முன்னாடி திருடன் வந்துருவான்.”

தலையாட்டினேன்.

ஜூன் 5, வியாழன்

நாலு நட்சத்திரத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

ஜூன் 10, செவ்வாய்

கதவரசன் நிறுவனத்தின் தலைவரிடம் ஒரு பேட்டிக்காக மார்ச்சிலிருந்து மெயில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். ‘ஐயா அவர்கள் பயணத்தில் இருக்கிறார்’ என்று ஒரு பெண் பதில் போடுவாள். ஐயா இன்று சுகந்தியைத் தானாகவே போனில் அழைத்தார். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டுத் துருவியபடியே பேசினாள். அவர் வரிக்கு வரி மேடம் என்றார். ஜூலை கடைசி வரை அவகாசம் கேட்டார். அதன்பின் நிறுவனத்தின் இணையதளத்திலேயே அவள் பெயரைப் போட்டு நன்றி சொல்வார்களாம்.

நான் ஹாலில் நியூஸ் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். டிவியை ம்யூட்டில் வைத்திருந்தேன்.

“என்னையப் பத்தி ஏதாவது சொன்னியா?”

“உங்களைப் பத்தி என்ன சொல்றது?”

குதர்க்கமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். அதுதான் எரிச்சல். சட்னியில் உப்பு அதிகம். அதைச் சொன்னேன்.

ஜூன் 15, ஞாயிறு

பீளமேட்டில் எலெக்ட்ரானிக்ஸ் கிறுக்கர்கள் மாதம் ஒருமுறை கூடுகிறார்கள். பழைய ரௌட்டர், பொம்மைக் கார், எடை மெஷின் என்று எதையாவது கொண்டுவந்து பிரித்துப் போட்டுப் பேசுவார்கள். இன்று சுகந்தியைப் பேச அழைத்திருந்தார்கள். லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு போனது நான்.

ஒரு காலிங் பெல் என்று மட்டும் சொன்னாள். எந்த நிறுவனம், எந்த மாடல், என்ன பாஸ்வேர்டு, எதையும் சொல்லவில்லை. கேட்டவர்களிடமும் சிரித்துக்கொண்டே மறுத்தாள். நன்றாகத்தான் பேசினாள். கல்லூரி மாணவர்களிடம் பேசிப் பழகிய குரல். இரண்டு இடத்தில் ஆங்கில உச்சரிப்பு தப்பு. ஒருவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. முடிந்ததும் தேனீ மாதிரி மொய்த்துவிட்டார்கள்.

ஒருவர் என்னிடம் வந்து கைகொடுத்தார். ‘கைக்குள் உலகம்’ வாசகர் போலிருக்கிறது என்று நிமிர்ந்தேன்.

“சுகந்தி மேடத்தோட ஹஸ்பண்டுங்களா? டீ அந்தப் பக்கம் இருக்குதுங்க.”

போட்டிப் பத்திரிகையான ‘காலைக்கொடி’யிலிருந்து மெர்லின் என்று ஓர் இளம் நிருபர் வந்திருந்தாள். சுகந்தியிடம் நீண்ட நேரம் பேசினாள். நான் டீ குடித்தேன். ஆறிப்போயிருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

‘காலைக்கொடி’ மூன்றாம் பக்கம். “கதவை உடைக்காமல் கதவைத் திறந்த கோவை இல்லத்தரசி!”

பெல்லின் பெயரைப் போடவில்லை. அந்த மட்டில் மெர்லின் நாணயமானவள். மற்றபடி, சுகந்தி தலையில் இருந்த ஹேர்பின்னால் கருவியைத் திறந்தாளாம். தோசை வேகும் நேரத்தில் ஹேக் செய்து முடித்தாளாம். அவள் வாழ்க்கையில் ஹேர்பின் குத்தி நான் பார்த்ததில்லை.

“இல்லத்தரசியாம்! பதினெட்டு வருசமாப் பாடம் எடுத்துட்டு இருக்கறேன். அந்தப் புள்ளைகிட்டத் தெளிவாச் சொன்னேனுங்க!”

போன் போட்டாள். மெர்லின் அழாக்குறையாக, தான் சரியாகத்தான் எழுதியதாகவும், ஹேர்பின்னும் தோசையும் செய்தியைத் திருத்தும் டெஸ்க்கில் சேர்த்தது என்றும் சொன்னாள். நம்புகிறேன். எங்கள் டெஸ்க்காக இருந்தால் தோசைக்குப் பொடியும் சேர்த்திருப்பார்கள்.

சுகந்திக்கு உண்மையிலேயே வருத்தம். நான் ஆறுதல் சொன்னேன். உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ச்சியாகவும் இருந்தது.

மாலைக்குள் அந்தச் செய்தியைப் பன்னிரண்டாயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். எனக்கு அதிகபட்சம் இருநூற்றுப் பத்து. அதுவும் செல்போன் வெடித்த செய்தி. சென்னையில் படிக்கும் மகள் தாரிகா, அம்மா படத்தை ஸ்டேட்டஸில் வைத்து ‘என் அம்மா’ என்று எழுதியிருக்கிறாள். என் பக்கத்தை அவள் படிக்கிறாளா என்பதே சந்தேகம்.

ஜூன் 18, புதன்

டிவிக்காரர்கள் வந்தார்கள். சுகந்தியைத் தொப்பி வைத்த கறுப்பு பனியன் போட்டு, முகத்தைப் பாதி மறைத்து உட்காரச் சொன்னார்கள். ஹேக்கர் என்றால் அப்படித்தானாம். அவள் காலேஜுக்குப் போகிற காட்டன் புடவையில்தான் பேசுவேன் என்றாள். அவர்களுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

நான் பத்திரிகையில் தொழில்நுட்பப் பக்கம் எழுதுகிறவன் என்று கேமராக்காரரிடம் சொன்னேன்.

“அப்படிங்களா சார்? இந்த லைட்டைக் கொஞ்சம் ஒசத்திப் பிடிங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே இருங்க.”

பிடித்துக்கொண்டு நின்றேன். கை வலிக்கிறது.

ஜூன் 19, வியாழன்

ஆசிரியர் நாகமாணிக்கம் அறைக்குள் கூப்பிட்டார். மேசையில் ‘காலைக்கொடி’ விரிந்து கிடந்தது.

“குழந்தைவேலு, இது யாரு?”

“என் சம்சாரமுங்க.”

“உங்க சம்சாரம்னு எனக்கும் தெரியுது. உங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில நடந்த சங்கதி அடுத்தவன் பேப்பர்ல எப்படி வந்துது? பதினோரு வருசமாப் பக்கம் எழுதறீங்க. பக்கத்துல படுத்திருக்கற செய்தி கண்ணுக்குத் தெரியலியா?”

அறைக் கதவு திறந்திருந்தது. டெஸ்க்கில் யாரோ சிரித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முழுப் பக்கம் கொடுக்கிறார். “அடுத்தவன்கிட்ட இல்லாத படம் ஒண்ணு வேணும்” என்றார். வராவிட்டால் பக்கத்தையே வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார். அதைச் சொல்லவில்லை, ஆனால் சொல்லாமல் சொல்வதில் மனிதர் கெட்டிக்காரர்.

ஜூன் 20, வெள்ளி

சுகந்தியிடம் கேட்டேன். மறுப்பாள் என்று நினைத்து, என்னென்ன வாதம் வைப்பது என்று பஸ்ஸிலேயே யோசித்து வந்திருந்தேன். ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

“தாராளமா எழுதுங்க. பெல்லோட பேரும் பாஸ்வேர்டும் மட்டும் வேண்டாம். நான் வாத்தியாருன்னு போடுங்க. ஹேர்பின் இல்லைன்னு போடுங்க. நீங்க எழுதுனாச் சரியா இருக்கும்.”

நீங்கள் எழுதினால் சரியாக இருக்கும் என்று இந்த வீட்டில் யாரும் என்னிடம் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னதற்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பெரிய மனசோடு பிச்சை போடுகிறாள் என்றுதான் தோன்றியது.

ஜூன் 21, சனி

கட்டுரையை முடித்தேன். தலைப்பு: “ஹேக்கரோடு குடித்தனம்”. அவள் வாத்தியார் என்று போட்டாயிற்று. ஹேர்பின் இல்லை என்று போட்டாயிற்று. பெல்லில் ஏதோ கோளாறு என்ற சந்தேகம் முதலில் எனக்குத்தான் வந்தது என்றும், அவளிடம் பிரித்துப் பார்க்கச் சொன்னது நான் என்றும் இரண்டு வரி சேர்த்தேன். வாசகருக்கு ஒரு தொடக்கம் வேண்டும். சில இடங்களில் ‘நாங்கள் கண்டுபிடித்தோம்’ என்று வருகிறது. கணவன் மனைவிக்குள் நான் என்ன, நீ என்ன?

படம் நான்தான் எடுத்தேன். அவள் காலேஜுக்குப் போயிருந்தாள். மேசையில் கதவரசன் திறந்தபடி, மூன்று ஒயர்கள், பின்னால் லேப்டாப். எதையோ ஓடவிட்டுவிட்டுப் போயிருந்தாள், திரை முழுக்கப் பச்சை எழுத்து. என்ன எழுத்து என்று நான் படிக்கவில்லை. படத்துக்கு அந்தப் பச்சை நிறம் எடுப்பாக இருந்தது, அவ்வளவுதான். திரையில் விரல் ரேகை அப்பிக்கிடந்ததால் மூக்குக்கண்ணாடித் துணியால் துடைத்தேன். முதல் இரண்டு படங்களில் கீழ் வரி மங்கலாக விழுந்தது. மூன்றாவதில் பளிச்சென்று வந்துவிட்டது.

நாளிதழுக்குச் சிறியது, இணையதளத்துக்குப் பெரியது என்று இரண்டாக அனுப்பினேன்.

எங்கள் பத்திரிகையில் ஒரு வழக்கம் உண்டு. எழுதியவர் பெயர் ஒரு பக்கத்தில் ஒருமுறைதான் வரலாம். கட்டுரையில் என் பெயர் வந்துவிட்டால் படத்துக்கு வேறு பெயர் போட வேண்டும். டெஸ்க்கில் கேட்டார்கள். “படம்: சுகந்தி” என்று போடச் சொன்னேன். அவள் பெயரும் வரட்டுமே. இதில் என் பெருந்தன்மையை யாரும் கவனிக்கப் போவதில்லை.

ஜூன் 22, ஞாயிறு

முழுப் பக்கம். கன்னத்தில் கைவைத்த என் படம் இந்த முறை பெரிதாக.

சுகந்தி இட்லி சாப்பிட்டபடி படித்தாள். ‘முதலில் சந்தேகம் வந்தது எனக்கு’ என்ற இடத்தில் நிமிர்ந்தாள்.

“உங்களுக்குச் சந்தேகம் வந்துதுங்களா?”

“வந்துது. சொல்லலை.”

சிரித்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். பேப்பரைக் கண்ணருகே கொண்டுபோனாள்.

“இது எப்ப எடுத்தீங்க? நானா எடுத்தேன்னு போட்டிருக்குது?”

வழக்கத்தை விளக்கினேன். அவள் கேட்கவில்லை. பேப்பரில் எழுத்து தெரியவில்லை. போனில் எங்கள் இணையதளத்தைத் திறந்தாள். விரலால் படத்தைப் பெரிதாக்கினாள், இன்னும் பெரிதாக்கினாள். இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

“எடுக்கச் சொல்லுங்க. இப்பவே போன் போட்டு எடுக்கச் சொல்லுங்க!”

இணையதளத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு ஆள். அவனும் போனை எடுக்கவில்லை. படத்தை நீக்கும்போது மதியம் ஆகிவிட்டது. அதற்குள் அந்தக் கீழ் வரியை மட்டும் வெட்டி எடுத்து யாரோ வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். என் மார்ச் மாதக் கட்டுரையிலிருந்த படத்தோடு ஒப்பிட்டு, எந்த பெல் என்றும் கண்டுபிடித்துவிட்டார்கள். என் கட்டுரையை இவ்வளவு கூர்ந்து படிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது இன்றுதான் தெரிந்தது.

“நான் கவனிக்கலை” என்றேன்.

“தெரியுதுங்க. நான் மூடி வெச்சுட்டுப் போயிருக்கோணும்” என்றாள்.

ஜூன் 23, திங்கள்

ஊரெல்லாம் கதவுகள் பேசுகின்றன. சிங்காநல்லூரில் ஒரு வீட்டு பெல் போகிற வருகிறவர்களை எல்லாம் கெட்ட வார்த்தையில் திட்டியதாம். முதலில் எல்லோரும் சிரித்தார்கள்.

மதியம் சரோஜினி டீச்சர் வீட்டு பெல்லில் ஓர் ஆண் குரல், “உள்ள நீங்க மட்டும்தான் இருக்கறீங்கன்னு தெரியும்” என்று சொல்லியிருக்கிறது. டீச்சர் பாத்ரூமுக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு சுகந்திக்குப் போன் செய்தார். சுகந்தி வகுப்பைப் பாதியில் விட்டு ஆட்டோவில் வந்து ஸ்டூல் போட்டு ஏறி, பெல்லைப் பிடுங்கி எறிந்தாள். டீச்சரைத் தங்கை வீட்டுக்குப் பொள்ளாச்சி பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். பஸ் நகரும்போது டீச்சர், “நான் அன்னைக்குக் கையாட்டினேனே, அதுனாலயா சுகந்தி?” என்று கேட்டாராம்.

சொல்லிவிட்டு அழுதாள். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

கதவரசன் நிறுவனம் அறிக்கை விட்டிருக்கிறது. அவகாசம் தருவதாக வாக்குக் கொடுத்த ஆராய்ச்சியாளர், விளம்பர ஆசையில் பாஸ்வேர்டைப் படம் எடுத்து வெளியிட்டுவிட்டாராம். ஆதாரம், பத்திரிகையில் அச்சான அந்த வரி. படம்: சுகந்தி.

லைட் பிடிக்கச் சொன்ன அதே டிவியில், “வாக்கை மீறினாரா ஹேர்பின் ஹேக்கர்?” என்று சிவப்பு எழுத்து ஓடுகிறது. அவள் பேட்டியை மறுபடி போட்டார்கள். இந்த முறை பின்னணியில் திகில் இசை. அதே புடவை, அதே சிரிப்பு. பார்க்க எனக்கே குற்றவாளி மாதிரி இருந்தாள்.

கல்லூரி முதல்வர் விசாரணை முடியும்வரை விடுப்பில் இருக்கச் சொல்லிவிட்டார்.

பீளமேட்டுக் கூட்டத்தின் குரூப்பிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள். வேலை போயிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது என்று நினைக்கிறேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஜூன் 25, புதன்

படம் எடுத்தது நான் என்று ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா உங்க பக்கம் போயிருமுங்க. அது இல்லாம உங்களுக்கு வேற என்ன இருக்குது?”

இதிலும் அவளே ஜெயிக்கிறாள். பழி சுமப்பதிலும் என்னைவிட ஒரு படி மேலே. எனக்கு வயிறு எரிகிறது. இப்படி எழுதவே கூசுகிறது, ஆனாலும் எரிகிறது.

துணி ஊறவைத்திருக்கிறேன். அலசவில்லை.

ஜூன் 27, வெள்ளி

சைபர் கிரைம் அலுவலகத்தில் சுகந்தியை விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். நான் வெளியே பெஞ்சில் அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு ஒருக்களித்திருந்தது. இன்ஸ்பெக்டர் பேசுவது கேட்டது.

“படம் நீங்கதானம்மா எடுத்தது? பேர் போட்டிருக்குதே.”

பேப்பரை அவள் பக்கம் தள்ளும் சத்தம்.

“கேக்கறது காதுல விழுதுங்களா?”

“எங்க வீட்டுல எடுத்த படமுங்க.”

அவளுக்குப் பொய் வராது. என்னைக் காட்டிக்கொடுக்கவும் வரவில்லை. அதனால் அந்த ஒரு வாக்கியத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் குரல் உயர உயர, அவள் குரல் இறங்கிக்கொண்டே போயிற்று. ஐம்பது பேர் இருக்கிற வகுப்பில் மைக் இல்லாமல் பேசுகிறவள்.

எழுந்து உள்ளே போனேன். “நானுங்க எடுத்தது” என்றேன். போனை மேசையில் வைத்தேன். மூன்று படங்களும் அதில் இருந்தன. கவனக்குறைவாக எடுத்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் சுகந்தியைப் போகலாம் என்றார். போனை வைத்துக்கொண்டார். என்னை மறுபடி கூப்பிடுவாராம்.

வரும் வழியில் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

ஜூன் 28, சனி

ராஜினாமாக் கடிதத்தோடு போனேன். ஆசிரியர் படிக்கவில்லை.

“திருத்தம் போட்டாப் போதும். ராஜினாமா எல்லாம் எதுக்குங்க?” என்றார். திருத்தத்தை நானே எழுதிக் கொடுத்தேன். ‘22ஆம் தேதி வெளியான படத்தை எடுத்தவர் குழந்தைவேலு. சுகந்தி அல்ல. தவறுக்கு வருந்துகிறோம்.’ நாளை எட்டாம் பக்கத்தில், திருமண மண்டப விளம்பரத்துக்குக் கீழே வருமாம்.

ஜூன் 29, ஞாயிறு

“மனைவிக்காகப் பழி சுமந்த மாணிக்கம்!” டிவியில்.

“காதல் கணவரின் தியாகம்: ஹேக்கர் மனைவியைக் காக்கத் தன் பக்கத்தையே பணயம் வைத்தார்.” எங்கள் பத்திரிகையின் இணையதளத்திலேயே. இதற்குத்தான் ஆசிரியர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்.

கன்னத்தில் கைவைத்த என் படம் இப்போது எல்லோர் போனிலும் இருக்கிறது. ‘இப்படி ஒரு புருஷன் கிடைக்கத் தவம் செய்திருக்க வேண்டும்’ என்று ஒரு பெண் எழுதியிருக்கிறாள். ‘அந்த அம்மாவுக்கு வெட்கமே இல்லையா, செய்வதைச் செய்துவிட்டுப் புருஷன் பின்னால் ஒளிந்துகொள்கிறாரே’ என்று அதற்குக் கீழே இன்னொருவர். சாயங்காலம் பார்த்தபோது முப்பத்தோராயிரம் பேர் பகிர்ந்திருந்தார்கள். சுகந்தியின் பன்னிரண்டாயிரம் எங்கே, இது எங்கே?

சந்தோஷமாக இருந்தது. ஒரு காபி குடித்து முடிக்கிற நேரத்துக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

பிறகு கல்லூரி முதல்வர் சுகந்திக்குப் போன் செய்தார். ஸ்பீக்கரில்தான் பேசினாள். “போலீஸ் சொல்றது சரிங்கம்மா. ஆனா ஊரு அப்படி நம்பலியே. பெத்தவங்க எல்லாம் போன் பண்றாங்க. அவரு உங்களுக்காகத்தான் ஏத்துக்கிட்டாருன்னு சின்னக் கொழந்தை கூடச் சொல்லுது. இன்னும் கொஞ்ச நாள் லீவுல இருங்களேன்.”

அவள் சரிங்க என்று வைத்துவிட்டாள். தாரிகா மட்டும் அம்மாவின் போனுக்கு எனக்கென்று ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். ‘அப்பா, நீங்க கிரேட்.’ இத்தனை வருடமாகக் காத்திருந்த செய்தி. பதில் போட முடியவில்லை.

ஜூன் 30, திங்கள்

காலையில் மெர்லின் லேண்ட்லைனில் அழைத்தாள். ‘காலைக்கொடி’க்கு என் பேட்டி வேண்டுமாம்.

“சார், மேடத்துக்காகப் பழியை ஏத்துக்கணும்னு எப்ப முடிவு பண்ணீங்க?”

“நான் யாருக்காகவும் ஏத்துக்கலைம்மா. படம் நான் எடுத்தது.”

“அது தெரியும் சார். திருத்தம் பார்த்தேன்” என்றாள். நம்பாத குரலில், மரியாதையாக.

ஜன்னல் வழியே கீழ் வீட்டு வாசல் தெரிந்தது. பெல் இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள். எனக்கு வாய் திறந்துகொண்டது.

“எழுதிக்க. திரையில பாஸ்வேர்டு இருந்ததை நான் பார்த்தேன். அது என்னன்னு எனக்கு முன்னாடியே தெரியும். வெளிய போனா என்ன ஆகும்னும் தெரியும், அவ சொல்லியிருந்தா. எழுத்து தெளிவா விழலைன்னு திரையைத் துடைச்சு மறுபடி எடுத்தேன். தெரிஞ்சேதான் பெரிய படத்தை அனுப்பினேன்.”

அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் கேட்கவில்லை.

“ஏன் சார்?”

“பொறாமை. எல்லாரும் அவளை மேடம் மேடம்னாங்க. என்னை லைட்டைப் பிடிக்கச் சொன்னாங்க. அவ ஒரு தப்புப் பண்ணின மாதிரி ஆகணும்னு இருந்துது. ஒரே ஒரு தப்பு. இவ்வளவு தூரம் போகும்னு நினைக்கலை. கொஞ்ச தூரம் போகணும்னு நினைச்சேன்.”

மெர்லின் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு மெல்லச் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, கண் கலங்கினவர்கள் சிரிக்கிற சிரிப்பு.

“சார், இன்னும் மேடத்தைக் காப்பாத்தத்தான் பார்க்கறீங்க. இதை எழுதினா எங்க எடிட்டர் போட மாட்டாரு. போட்டாலும் படிக்கறவங்க நம்ப மாட்டாங்க. மேடம் குடுத்து வெச்சவங்க சார்.”

வைத்துவிட்டாள்.

திரும்பினேன். சமையலறை வாசலில் சுகந்தி நின்றிருந்தாள். கையில் மாவுக் கரண்டி. மாவு சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது, அவள் கவனிக்கவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று கேட்கத் தேவை இருக்கவில்லை.

மெர்லின் நம்பவில்லை, முதல்வர் நம்ப மாட்டார், முப்பத்தோராயிரம் பேர் நம்ப மாட்டார்கள். பத்திரிகையில் போட்டதில் எனக்கு இப்படி ஒரு நல்ல பெயர் கிடைத்ததே இல்லை.

சுகந்தி நம்பினாள்.